கால் சுத்து

வண்டி கியரில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நாலு பேர் இல்லை, நாற்பது பேர் தள்ளினாலும் வராது. இதை இவர்களிடம் யார் சொல்வது, நானா?

பாண்டிச்செல்வி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். வெளியே, வீட்டு வாசலையும் அதை ஒட்டிய மெக்கானிக் பட்டறையையும் சேர்த்து அடைத்தாற்போல அந்த நாலு சக்கர பைக் நின்றது. அதற்கு அப்பால் சந்தில் ஐஸ் பெட்டி கொண்டுவந்த வேன். பெட்டி உள்ளே வந்தால்தான் அக்காவைப் பாயிலிருந்து தூக்கி வைக்க முடியும். காலை ஆறு மணிக்குப் பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கீழே உட்கார்ந்த அக்கா முத்துமீனா பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போது மணி பத்து. வில்லாபுரத்து வெயில் அதற்குள் சுவர்களில் ஏறிவிட்டது.

"கிளட்சப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளுங்கப்பா!"

"பிடிச்சுக்கிட்டுத்தான்ணே இருக்கேன். அசைய மாட்டேங்குது."

"எம்புட்டுத் தள்ளுனாலும் வராது. அதுவும் அவள மாதிரியே பிடிவாதம்," என்றார் மொக்கையன். யாரோ சிரித்து, இழவு வீடு என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

மொக்கையனின் பட்டறை அடுத்த தெருவில். பதினைந்து வருஷமாக அக்காவோடு வாய்ச்சண்டை போட்டவர். வண்டி தங்கப்பாண்டியுடையது. திருவாதவூரில் அவருக்குக் கொய்யாத் தோப்பு இருக்கிறது. எங்கோ மூடிப்போன விளையாட்டுப் பூங்காவிலிருந்து அதைப் பழசாக வாங்கி, மருந்து டேங்க்கை ஏற்றிக்கொண்டு தோப்புக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகக் கியர் விழவில்லை. முதலில் மொக்கையனிடம்தான் காட்டினார். கியர் பாக்ஸ் போய்விட்டது, இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் பயந்துபோய் முத்துமீனாவிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்.

நேற்று சாயங்காலம் பாண்டிச்செல்வி விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடிந்து, கசங்கிய சேலையோடு வந்தவளை அக்கா உட்காரக்கூட விடவில்லை.

"நல்ல நேரத்துல வந்த. வண்டில ஏறி உக்காரு."

"சேலையோடயா?"

"கியருக்கு என்ன, சேலையா சுடிதாரான்னு தெரியவா போகுது? ஏறுடி."

வண்டியின் பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. அக்கா தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, பின் சக்கரத்தில் ஒரு கையை வைத்திருந்தாள். இன்ஜின் ஓடவில்லை. "நான் சக்கரத்த ஆட்டுறேன். ஆட்டும்போது மிதி." பாண்டிச்செல்வி இடது காலால் மிதித்தாள். டக் என்று விழுந்தது. "இப்ப தூக்கு." டக். அப்படியே ஐந்து கியரும் விழுந்தன. பிறகு அக்கா இன்ஜினை ஓடவிட்டாள். அப்போது மிதி கல்லாகிவிட்டது. அழுத்தினால் உள்ளே எதுவோ கதறியது.

மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ தணிந்த குரலில் பேசுவதைக் கேட்பவள்போல இருந்தது அந்த முகம். பதினொரு வருஷமாகப் புகுந்த வீட்டில், "எங்க அக்கா கடை வச்சிருக்கு" என்று மட்டும் சொல்லி, என்ன கடை என்று சொல்லாமலே விட்டிருந்த பாண்டிச்செல்வி, அந்த முகத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கூப்பிடத் தோன்றவில்லை. மூச்சுச் சத்தம்கூட இடைஞ்சலாகும் என்று நினைத்தாள்.

"கியர் பாக்ஸ் தங்கமா இருக்கு," என்றாள் அக்கா, இன்ஜினை நிறுத்திவிட்டு. "இன்ஜின் நிக்கையில அஞ்சும் விழுதுல்ல? அப்ப கியர்ல என்ன குத்தம்? கிளட்சுதான் விட மாட்டேங்குது. பிடிச்சாலும் ஒட்டிக்கிட்டே சுத்துது." இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த சின்ன ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி எடுத்தாள். உள்ளே ஒரு திருகாணி. "மொக்கையன் இதப் பாக்கவே இல்ல. கால் சுத்து. அம்புட்டுத்தான்."

பாண்டிச்செல்வி மிதியிலிருந்து காலை எடுத்து, கணுக்காலை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்னடி பண்ற?"

"நீதான காலச் சுத்தச் சொன்ன?"

ஸ்க்ரூடிரைவர் கைநழுவி விழுமளவுக்கு அக்கா சிரித்தாள். "அடி கூறுகெட்டவளே, கால்வாசிடி! அரை, காலுன்னு ஒன் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர மாட்டாங்களா?" சிரித்துக்கொண்டே இடது தோளை அழுத்திவிட்டுக்கொண்டாள். வாய்வு என்றாள். வெளிச்சம் பத்தவில்லை, காலையில் திருகிக்கொள்கிறேன் என்று ஜாக்கியை இறக்கினாள். வாசல் சரிவு, உருண்டுவிடும் என்று முதல் கியரில் போட்டு விட்டாள்.

அது இன்னும் அந்தக் கியரில்தான் நிற்கிறது.

பாண்டிச்செல்வி வெறுங்காலோடு படி இறங்கினாள். "தள்ளாதீங்கண்ணே," என்றாள் தங்கப்பாண்டியிடம். "முன்னயும் பின்னயும் லேசா ஆட்டுங்க. ஆட்டுனாப் போதும்."

அவர் ஆட்டினார். அவள் குனியாமல், மிதிக்கு அடியில் பெருவிரலைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள். பாதிக்கு மேல் தூக்கக் கூடாது, அடுத்த கியர் விழுந்துவிடும். காலுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே புரியவில்லை. உள்ளே எங்கோ இறுகப் பற்றியிருந்த ஒன்று, விரல் விரலாக விட்டுக்கொடுப்பதுபோல விலகியது. சத்தம்கூட இல்லை. அவள் ஹேண்டில்பாரில் ஒரு உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். வண்டி உருண்டு ஓரமாகப் போய் நின்றது.

ஆண்கள் வேன் பக்கம் போனார்கள். பெட்டி உள்ளே போயிற்று.

அழகம்மாள் சித்தி தேங்காய் எண்ணெயைத் தொட்டு அக்காவின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நகத்துக்குள்ள அம்புட்டும் கருப்பு. போக மாட்டேங்குதேடி."

"விடுங்க சித்தி. இருக்கட்டும்."

பாண்டிச்செல்வி அந்தக் கையைத் தன் கையில் எடுத்தாள். குளிர்ந்திருந்தது. காய்த்துப்போயிருந்த விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். இரும்பைப் பிரிக்காமல் அதற்குள் போய்வந்த விரல்கள். இவ்வளவு காலம் இதே விரல்கள் சோறு பிசைந்து தந்திருக்கின்றன, பேன் பார்த்திருக்கின்றன. ஒன்றும் சொன்னதில்லை.

மத்தியானம் தங்கப்பாண்டி தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நினைக்காத தங்கச்சி. நாளைக்குத் தோப்புக்கு மருந்தடிக்கணும். மொக்கையன் அண்ணே வண்டிய எடுத்துட்டுப் போயிப் பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"பிரிக்க வேண்டியதில்லண்ணே. கியர் நல்லாருக்கு. கிளட்ச் விடலன்னு அக்கா சொல்லுச்சு."

"பள்ளிக்கூட ஆபீஸ்ல இதெல்லாமா எழுதுறாங்க?" என்றார் மொக்கையன்.

"இன்ஜின் நிக்கையில அஞ்சும் விழுதுண்ணே. போட்டுப் பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாகப் போனார். இடுப்பால் வண்டியை இடித்து ஆட்டிக்கொண்டே மிதித்தார். டக். தூக்கினார். டக். கொட்டுக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பந்தலுக்குள் இருந்த எல்லாருக்கும் அந்தச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஐந்தாவது விழுந்த பிறகு மொக்கையன் மிதியிலிருந்து காலை எடுத்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து ரப்பர் மூடியைக் கண்டுபிடித்து எடுத்து, அந்தத் துளைக்குள் வெகுநேரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டு மடியில் இறங்கியிருந்தது.

"தொறக்காமலே பாத்திருக்காளே," என்றார், யாரிடமும் இல்லாமல். "கால் சுத்து. கால் சுத்துக்கு மேல வேணாம்."

படியில் நின்ற பாண்டிச்செல்வியின் பாதம் தானாக ஒருமுறை அசைந்தது. பெருவிரலில் கிரீஸ் காய்ந்து கருப்பாக ஒட்டியிருந்தது. கையில் மரப்பிடி ஸ்க்ரூடிரைவர். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பிடியின் முனையில், காது பட்டுப் பட்டு மரம் வழுவழுப்பாக இருந்தது.

மொக்கையன் திரும்பாமலே, பட்டறையில் கூட வேலை பார்ப்பவரிடம் கேட்பதுபோலக் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"ஸ்க்ரூடிரைவரக் குடு தாயி. ஒரு நிமிசம். அவ விட்ட வேலை, முடிச்சு விட்ருவோம்."

"வேணாம்ணே," என்றாள் பாண்டிச்செல்வி. "காலையில நான் திருகிக்கிறேன்."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவர் ரப்பர் மூடியை எடுத்து, மண்ணைத் துண்டில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.