ஒரு மாதிரியா இருக்காரு

மகதலேனா கணினிப் படிப்பு படித்தவள் அல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்தவள். படுத்த படுக்கையானவர்கள், இதயம் பலவீனமானவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் என்று ரவாங்கிலிருந்து கிள்ளான் வரை அவர்களுக்கு நோயாளிகள் இருந்தார்கள். வீட்டார் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும் தாதிகள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருவார்கள். யார் எந்த வீட்டுக்குப் போவது என்பதை வெள்ளைப் பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஒருநாள் ஒரு வீடு விட்டுப்போனது. அந்த வீட்டுக்காரர் மாடியேறி வந்து கத்திவிட்டுப் போனார். அதன் பிறகுதான் அவள் அந்தச் செயலியைச் செய்ய ஆரம்பித்தாள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு தளம் இருந்தது. திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு போட்டால் போதும். சனிக்கிழமைகளில் யூடியூப் பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டாள். செயலி வேலை செய்த முதல் வாரம் கணவன் வாலண்டைனிடம் கைப்பேசியை நீட்டி, "நானே செஞ்சது" என்று குழந்தை மாதிரிக் காட்டினாள்.

அதில் எல்லோருக்கும் பிடித்தது குரல் செய்திதான். நோயாளியின் வீட்டார் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் அது மகதலேனாவோடு வேலை பார்த்த ரமணியின் திரைக்கு வரும். ரமணி பக்கத்து மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பாள். தேவைப்பட்டால் தாதியை அழைப்பாள். சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கே போன் செய்து, "ஆன்டி, அங்கிள் மாத்திர போட்டாரா இல்லையா, சரியா சொல்லுங்க" என்பாள். நோயாளிகள் கூடக்கூடச் செய்திகளும் கூடின. ரமணியால் மாலைக்குள் கேட்டு முடிக்க முடியவில்லை.

முதலாளி யுகேந்திரன் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு மிகுந்த உற்சாகத்தோடு திரும்பினார். "லேனா, நம்ம தளத்துலேயே இப்ப ஏஐ வந்துருச்சு லா. ஒரு பெட்டிதான். இழுத்து வெச்சா போதும்."

அவர் சொன்னது உண்மைதான். செய்தியைக் கேள், சுருக்கமாக எழுது, அவசரமா என்று முடிவு செய், வீட்டாருக்கு அன்பாகப் பதில் அனுப்பு என்று அந்தப் பெட்டிக்குள் நான்கு வரி எழுதினாள். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டது. மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பார்த்தாள், தமிழிலும் பேசிப் பார்த்தாள். "என் தந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டுள்ளது" என்று வானொலிச் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். திரை உடனே சிவப்பாகி 'அவசரம்' என்றது. யுகேந்திரன் கைதட்டினார்.

இயந்திரம் 'நடவடிக்கை தேவையில்லை' என்று ஒதுக்கும் செய்திகளை ஓர் ஆள் திரும்பப் பார்க்கவும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ரமணியைச் செமினியில் புதிதாகத் திறந்த கிளைக்கு மாற்றியபோது அந்தச் செய்திகள் பார்க்க ஆளில்லாமல் குவிந்தன.

"அந்த ஸ்டெப்ப எடுத்துரு," என்றார் யுகேந்திரன். "யார் லா உக்காந்து பாக்கறது? அதுக்குத்தானே இத வெச்சோம்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அந்தக் கோட்டைத் தொட்டு அழித்தாள். வண்டி ஓட்டத் தெரியாத ரமணியால் செமினிக்குத் தினமும் போய்வர முடியவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

கிள்ளானில் கம்போங் ஜாவா பக்கம் சிவநேசன் என்றொரு நோயாளி. துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். இதயம் சரியாக வேலை செய்யாததால் உடம்பில் நீர் சேரும், அதற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். மனைவி வள்ளியம்மாவுக்குச் சர்க்கரை, கண்பார்வை மங்கல். மகள் குமுதாதான் இருவரையும் பார்த்துக்கொண்டாள். மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தாள். தாதி தாமரை வாரத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வந்தாள்.

தாமரை ஒருநாள் காலை அலுவலகத்துக்கு அழைத்தாள். குரல் உடைந்திருந்தது.

"லேனா, சிவநேசன் அங்கிள் தவறிட்டாரு. நேத்து சாயங்காலம். குமுதா வேலைக்குப் போன நேரத்துல."

"ஐயோ ஆண்டவரே."

"மெசேஜ் போட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்றா. ரெண்டு தடவ போட்டாளாம். எனக்கு ஒண்ணும் வரலியே லா. நான் நேத்து பக்கத்துலதான் இருந்தேன், அண்டலாஸ்ல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடியிருப்பேனே."

மகதலேனா செயலியைத் திறந்தாள். சிவநேசனின் பெயருக்கு எதிரே எல்லாம் பச்சையாக இருந்தது. சுருக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: நோயாளி முன்பு இருந்த மாதிரியே இருக்கிறார். எழுந்து உட்கார்ந்திருக்கிறார். உணவு உதவி வேண்டாம் என்கிறார். நடவடிக்கை தேவையில்லை.

அவள் குரலைப் போட்டுக் கேட்டாள்.

"மிஸ்ஸி, அப்பா ஒரு மாதிரியா இருக்காரு லா. படுக்கவே மாட்டேங்கறாரு, உக்காந்துக்கிட்டே இருக்காரு. சாப்பாடும் வேணாங்கறாரு. கொஞ்சம் பாருங்களேன்."

பின்னணியில் ஒரு மின்விசிறி கடகடத்தது. அதற்கும் பின்னால் யாரோ வேகவேகமாக மூச்சு வாங்கும் சத்தம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால்தான் உட்கார்ந்திருக்கிறார். அது அவளுக்குக் கேட்ட மாத்திரத்தில் புரிந்தது. தமிழ் பேசும் யாருக்கும் புரிந்திருக்கும். இரண்டாவது செய்தியும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான், குரல் மட்டும் இன்னும் பதறியிருந்தது. 'முன்பு வந்த தகவலே' என்று சொல்லி இயந்திரம் அதை மூடியிருந்தது. கீழே, வீட்டாருக்கு அனுப்பிய பதில் இருந்தது. 'தகவலுக்கு நன்றி. உங்கள் தந்தை நலமாக இருப்பதை அறிந்து மகிழ்ச்சி. வழக்கம்போல மருந்துகளைத் தொடருங்கள்.'

அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் குமுதா வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

மகதலேனா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தான் பேசிச் சோதித்த விதம் நினைவுக்கு வந்தது. எதிரில் இருப்பது இயந்திரம் என்று தெரிந்ததால் அவள் திருத்தமாகப் பேசியிருந்தாள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் ரமணியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

வழக்கறிஞரோடு பேசிய பிறகு யுகேந்திரன் அவளைக் கூப்பிட்டார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

"அந்த வீட்டுக்கு நீ போன் பண்ணாத. நேர்லயும் போகாத. லோயர் சொல்லிட்டாரு."

"பாஸ், அந்தப் பெட்டிய எடுத்துரலாம். ரமணியக் கூப்பிடுங்க."

"எடுத்துட்டு? எல்லா மெசேஜையும் யார் கேக்கறது? நானும் ராத்திரி பூரா தூங்கல லேனா. எங்கப்பாவும் இதே மாதிரிதான் போனாரு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஆயிரத்துல ஒண்ணு லா இது. மனுசன் இருந்தாலும் நடக்கும். நீ ஒண்ணு செய். செயலியில ஒரு அறிவிப்பு போடு. ஆங்கிலம் இல்லன்னா மலாய்ல தெளிவா பேசச் சொல்லு."

அவள் அதைப் போடவில்லை. அந்தப் பெட்டியை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்தபோது பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது, அறிவிப்பும் ஏறியிருந்தது. அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. தளத்தை விற்ற நிறுவனத்திலிருந்து வந்த ஓர் இளைஞன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, "ஆன்டி, ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க" என்று மனதாரப் பாராட்டினான்.

அன்றே அவள் வேலையை விட்டாள். சாயங்காலம் ரமணிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

ரமணி, "நான் இருந்திருந்தாலும் விட்டிருப்பேனோ என்னவோ. யாருக்கு லா தெரியும்" என்றாள்.

"அந்த மெசேஜ அன்னிக்கே என் போன்ல எடுத்து வெச்சிட்டேன். கேக்கறியா?"

"வேணாம். அத மட்டும் எனக்கு அனுப்பாத."

கருமக்கிரியை முடிந்த மறுநாள் மகதலேனா கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனாள். கூட வருகிறேன் என்ற வாலண்டைனை வேண்டாமென்று தடுத்துவிட்டாள். வழி நெடுக என்ன பேசுவதென்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். வீட்டு வாசலில் குமுதாவைப் பார்த்ததும் அலுவலகத்திலிருந்து வருவதாக மட்டும் சொன்னாள்.

குமுதா அவளை உள்ளே அழைத்து நாற்காலி போட்டாள். கூடத்தில் சிவநேசனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வள்ளியம்மா சோபாவில் உட்கார்ந்து சத்தம் வந்த திசையைப் பார்த்து, "யாரு, மிஸ்ஸியா?" என்றாள்.

"ஆபிஸ்லேர்ந்து வந்திருக்காங்கம்மா," என்றாள் குமுதா.

மகதலேனா எதையும் மறைக்கவில்லை. செயலியைச் செய்தது தான், இயந்திரத்தை வைத்தது தான், ஆள் பார்க்கும் வழியை அழித்ததும் தான் என்று சொன்னாள். "உங்க மெசேஜ யாருமே கேக்கல. உங்களுக்கு வந்த பதில் மனுசங்க எழுதினது இல்ல. நீங்க கேஸ் போடுங்க. எங்க வேணும்னாலும் வந்து நான் சொல்றேன்."

குமுதா கோபப்படுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. குமுதா தன் கைப்பேசியை எடுத்து, புதிதாக ஏறியிருந்த அறிவிப்பைக் காட்டினாள்.

"இதுலயே போட்டிருக்காங்களே அக்கா. தெளிவா பேசணும்னு. நான்தான் சரியா பேசல."

"இல்ல. இது பிறகு போட்டது. அப்பா போன பிறகு போட்டாங்க."

"மூச்சு வாங்குதுன்னு சொல்லியிருக்கணும். எனக்கு அந்த வார்த்தையே வரல பாருங்க. மாதிரியா இருக்காரு, மாதிரியா இருக்காருன்னு ரெண்டு தடவையும் அதையே சொல்லியிருக்கேன்."

"நீங்க சொன்னது சரிதான். கேட்டதும் எனக்குப் புரிஞ்சிச்சு. நம்ம ஆளுங்க யார் கேட்டிருந்தாலும் புரிஞ்சிருக்கும்."

"ஆனா அதுக்குப் புரியலியே." குமுதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் ஸ்கூல் ஒழுங்கா படிக்கல அக்கா. பாதியிலேயே பேக்டரிக்குப் போயிட்டேன். படிச்சிருந்தா நல்லா இங்லீஷ்ல சொல்லியிருப்பேன். அப்பா இருந்திருப்பாரு."

மகதலேனா அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டு, வேறு வேறு விதமாக, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். உங்கள் தப்பு இல்லை, எங்கள் தப்பு. குமுதா மரியாதையாகத் தலையாட்டினாள். பெரிய மனது பண்ணி ஆறுதல் சொல்ல வந்தவளிடம் தலையாட்டுவது போல. எழுந்து மைலோ கலந்து கொண்டுவந்தாள். கேஸ் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதற்குப் பின் மகதலேனா சுகாதார அதிகாரிகளுக்கு நடந்ததை எழுதினாள். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. நிறுவனம் ரவாங்கிலும் ஒரு கிளை திறந்தது. அவள் செய்த செயலி அங்கேயும் ஓடுகிறது என்று தாமரை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசைக்குப் போவதை மகதலேனா விட்டுவிட்டாள்.

ஒருநாள் குமுதா அழைத்தாள்.

"அக்கா, நாளைக்கு அம்மாவ கிளினிக் கூட்டிட்டுப் போறேன். கால்ல புண்ணு. நீங்க கொஞ்சம் வர முடியுமா? டாக்டர்கிட்ட நீங்க பேசுனா நல்லாயிருக்கும். நான் பேசுனா தப்பாயிடும்."

"தப்பாகாது குமுதா. நீங்களே பேசலாம்."

"வேணாம் அக்கா. ப்ளீஸ் லா."

மகதலேனா போனாள். அரசாங்க கிளினிக்கில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பதிவு முகப்பில் குமுதா அவளை முன்னால் விட்டுத் தான் பின்னால் நின்றுகொண்டாள். பெயர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் மகதலேனாவின் காதில் சொல்லி, அவள் வாயாலேயே சொல்ல வைத்தாள்.

டாக்டர் இளம்பெண், தமிழ்ப் பெண். வள்ளியம்மாவின் காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, சாதாரணமாக வீட்டுத் தமிழிலேயே கேட்டாள்: "அம்மாவுக்கு எப்பலேர்ந்து இப்படி இருக்கு? ராத்திரி காய்ச்சல் வருதா? வலி எங்க, கால் பூராவா, விரல்ல மட்டுமா?"

மகதலேனா குமுதாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் காலைத் தடவிவிட்டவள் அவள்தான். எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

"சொல்லுங்க குமுதா. டாக்டருக்கு நம்ம பேச்சு புரியும். நீங்க எப்படிச் சொன்னாலும் புரியும்."

குமுதாவின் உதடு அசைந்தது. ஏதோ ஒரு சொல்லைத் தேடி, அது சரியான சொல்லா என்று பார்த்து, விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே அடுத்த எண்ணை அழைத்தார்கள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க," என்றாள் குமுதா மெல்ல.

மகதலேனாவுக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை.