முகம் பார்த்துப் பேசுதல்

கப்பல் பட்டறையில் வெல்டரும் பெயின்டரும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள். மறைப்புத் திரை கட்டாமல் வெல்டிங் செய்கிறார் என்பது பெயின்டரின் புகார். வம்புக்கு இழுக்க அது ஒரு சாக்கு என்பது வெல்டரின் எண்ணம். இருவரும் வேறு வேறு தேசத்துக்காரர்கள். வெல்டரின் ஊரில் தலை குனிந்து பேசுவதுதான் மரியாதை. பெயின்டரின் ஊரிலோ முகம் பார்த்துப் பேசாதவன் பொய்யன்.

சமரசம் பேச வந்த அதிகாரி அம்மா, அடுத்தவர் வழக்கத்தை இருவருக்கும் தனித்தனியாக, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தார். அதன் பலன் இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்ததும் தெரிந்தது. வெல்டர் கண்கொட்டாமல் எதிரே பார்த்தார். பெயின்டரோ பவ்வியமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஐயா, நீங்களாவது கொஞ்சம் நிமிருங்களேன்," என்றார் பெயின்டரிடம்.

அவர் நிமிர்ந்தார்.

"என்னண்ணே, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்று பதறினார் வெல்டர்.

"உங்க வெல்டிங் வெளிச்சம்தான். இத்தனை நாளா கரடியா கத்தினேனே, ஒரு தடவையாவது என் மூஞ்சியப் பாத்தீங்களா?"

வெல்டர் தலை குனிந்தார். இந்த முறை அது மரியாதைக்காக அல்ல.