கதவைத் தட்டத் தெரியாதவள்

அன்றைக்குச் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் மூன்று வருஷமாகக் காலர் தைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமைலருந்து நீதாம்மா லைன் சூப்பர்வைசர். காலைல ஆறு மணி ஷிப்ட். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லு" என்றார் மேனேஜர். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே அவள் இந்த ஊருக்கே வந்தாள்.

ஆனால் குழந்தைகள் காப்பகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். புருஷன் லாரி டிரைவர்; கிளம்பினால் திரும்பிவரப் பத்து நாளாகும். விடிந்தும் விடியாத நேரத்தில் நாலு வயது மகளை யார் கையில் ஒப்படைப்பது? இந்தக் குடைச்சலோடு சாயங்காலம் காப்பக வாசலில் போய் நின்றால், அங்கே ஆயா சாவகாசமாகச் சொன்னாள்: "பாப்பா அப்பவே போயிடுச்சே. பெரியம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே ஓடிப்போய் அவங்க இடுப்புல ஏறிக்கிச்சு."

அந்தப் பெரியம்மா அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

அவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்தவர்கள். பதினேழு பேர், ஒரே அடுப்பு. குளியலறையைத் தவிர எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. எந்தப் பிள்ளை அழுதாலும் கை ஒழிந்தவர் தூக்கிக்கொள்வார். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. சொல்லக் கேட்டால் சுகமாகத்தான் இருக்கும். அதே வீட்டில்தான் பெரியவள் ஒருநாள் சின்னவளின் அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்து, பெட்டியைத் திறந்து, தொழிற்சாலை வேலைக்கு அவள் எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து, அடுப்படியில் அத்தனை பேர் முன்னாலும் உரக்கப் படித்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் சின்னவளைப் பஸ் ஏற்றியது. இங்கே வீடு பிடித்ததும் முதல் வேலையாகக் கதவுக்கு, வெளியிலிருந்து சாவி போட்டும் திறக்கிற ஒரு தாழ்ப்பாள் போட்டாள்.

பிறகு சிமெண்ட் கல் வந்தது. குடும்பத்தின் செங்கல் சூளை அணைந்தது. மச்சினர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். கடைசியில் பெரியவளும் அவள் புருஷனும் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவருக்கு ஒரு கட்டடத்தில் காவல் வேலை, பன்னிரண்டு மணி நேரம்.

சின்னவள் இரண்டு தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, மூச்சு வாங்கப் பெரியவள் வீட்டுப் படியேறினாள். மகள் பாயில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நம்ம வீட்டுப் பிள்ளைக்கு யாரக் கேக்கணும்?" பெரியவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"என்னைக் கேக்கணும். இவ்வளவு நேரம் என் உசுரு என்கிட்ட இல்லக்கா. அன்னைக்கு என் பெட்டியத் திறந்தப்பவும் நீங்க கேக்கல. அது இன்னும் ஆறல எனக்கு."

பெரியவள் வாயாடி என்று பேரெடுத்தவள். எதையாவது சொல்லி வாயை அடைப்பாள் என்றுதான் சின்னவள் காத்திருந்தாள். அவளோ புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"தப்புத்தான். நீ போயிடுவேன்னு பயந்துதான் படிச்சேன். நாலு பேரு சிரிச்சா நீ அந்த நினைப்ப விட்டுடுவேன்னு நெனச்சேன். நீ போயிட்டா அந்த அடுப்படியில நான் யாரோட பேசுவேன்?" குரல் தேய்ந்தது. "இங்க இந்த மாடியில ஆறு கதவு. மூணு வாரமா ஆறும் சாத்தியே கெடக்கு."

"தட்டிப் பேசுறதுதானே?"

"தட்டினா யாருன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? எனக்குக் கதவு தட்டியே பழக்கமில்ல."

சின்னவளுக்குக் கோபத்துக்கு நடுவே சிரிப்பு வந்து தொலைத்தது. பதினேழு பேரை ஒரு கரண்டியால் ஆட்டிவைத்தவள், ஒரு கதவுக்குப் பயந்து கிடக்கிறாள். பாவமாக இருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் கேட்டுவிட்டாள்.

"திங்கக்கிழமைலருந்து காலைல அஞ்சே காலுக்கு என் வீட்டுக்கு வந்து பாப்பாவப் பாத்துக்கறீங்களா? ஆனா தட்டிட்டு வரணும். என் பெட்டியத் தொடக்கூடாது. இவள எங்க கூட்டிட்டுப் போனாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்."

பெரியவளின் முகம் மலர்ந்து, அடுத்த நொடியே சுருங்கியது. "தட்டிட்டு வர நான் என்ன விருந்தாளியா?" என்று முணுமுணுத்துவிட்டு, கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவப் போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அதுவரை பெரியவளிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஆனாலும் சின்னவள் மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். துணிச்சலா திமிரா என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே தயாராகிவிட்டாள். ஐந்தரைக்கு முனையில் தொழிற்சாலை வேன் வந்துவிடும். மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மணி ஐந்தே கால். தாழ்ப்பாளைத் திறந்து வைத்தால் என்ன, அக்கா பழையபடி உள்ளே வந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. கை தாழ்ப்பாள் வரை போய்த் திரும்பியது. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அப்புறம் எல்லாம் பழைய கதைதான். ஐந்து இருபது. வேலை போச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியது.

அப்போது தட்டினார்கள் பாருங்கள், கதவு நிலையோடு பெயர்ந்து வராததுதான் மிச்சம்.

சின்னவள் பாய்ந்து திறந்தாள். வெளியே ஈரத்தலையும் மூச்சிரைப்புமாகப் பெரியவள் நின்றாள். அதற்குள் எதிர் வீட்டுக் கதவு திறந்து, நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்: "யாரு?"

மூன்று வாரமாக எந்தக் கேள்விக்குப் பயந்து கிடந்தாளோ, அந்தக் கேள்வி. பெரியவள் நிமிர்ந்து நின்றாள்.

"நான் இந்த வீட்டுப் பிள்ளையோட பெரியம்மா. தட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சின்னவள் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"சாவி எதுக்கு? அதான் தட்டத் தெரிஞ்சிடுச்சே."

"நாளைக்கும் இவங்கள எழுப்பிடுவீங்க. வச்சுக்குங்கக்கா."

பெரியவள் சாவியை வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டாள். "இருந்தாலும் மெதுவா ரெண்டு தட்டுத் தட்டிட்டுத்தான் தொறப்பேன்" என்றாள்.

சின்னவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முனையில் வேன் ஹாரன் அடித்துவிட்டது. படியில் இறங்கும்போது மேலே பேச்சுக்குரல் கேட்டது. ராத்திரியெல்லாம் நின்ற காலுக்கு வெந்நீர் ஊற்றினாயா என்று பெரியவள் நர்ஸை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

படி திரும்பும் இடத்தில் சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று கதவும் இன்னும் திறந்தே இருந்தன.