புள்ளி கிளப்பிய பறவைகள்

1996ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெஸ்ட் வின்ட்சர் சைவ மன்றத் தலைவர் டொக்டர் நவரத்தினத்தின் சட்டைக் கொலருக்குள்ளிருந்து ஒரு காடை கிளம்பி, சாப்பாட்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சமையலறை யன்னலால் வெளியே போனது. அன்று வெயில் எண்பத்தைந்து டிகிரி. தக்காளி இறாத்தல் தொண்ணூற்றொன்பது சதம். மேசையில் கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் இருந்தன. காடை இரண்டையும் தொடவில்லை.

காடை வந்ததற்குக் காரணம் நாய். நாய் வந்ததற்குக் காரணம் மற்ற டொக்டர்மாரின் நாய்கள். அந்தக் காலத்தில் நியூ ஜெர்சியில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் முதலில் புல்வெட்டி வாங்குவார்கள், பிறகு பொன்னிற மயிருள்ள நாயொன்று வாங்குவார்கள். நாலு பேரிடம் இருக்கிற பொருளை நவரத்தினம் வைத்திருக்க மாட்டார். ஒரு சஞ்சிகையைப் புரட்டி, பிராக் டு பூர்பொனே என்ற பிரெஞ்சு வேட்டை நாயைக் கண்டுபிடித்தார். பிரான்சிலேயே அற்றுப்போகப் பார்த்த இனம், அமெரிக்காவில் இருக்கிற அத்தனையையும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று சொல்லித் திரிந்தார். வாயில் பெயர் நுழையாத நாயே உயர்ந்த நாய் என்பது அவருடைய கணிப்பு. 1993இல் டெக்சஸுக்குப் பறந்து போய் ஒரு பண்ணைக்காரரிடம் குட்டியொன்றை வாங்கினார். பாலின் மேல் கோப்பித்தூள் தூவிய மாதிரி உடம்பு, பிறப்பிலேயே பெருவிரல் நீள வால். பண்ணைக்காரர் அதன் தொழிலை விளக்கினார். பறவையின் மணம் பட்டால் இது குரைக்காது, பாயாது. ஒரு முன்காலை மடக்கி, மூக்கை நீட்டி, அப்படியே நிற்கும். யாராவது ஓர் அடி முன்னே வைத்தால்தான் பறவை கிளம்பும். அதுவரை நாயும் அசையாது, பறவையும் அசையாது. "இலையுதிர் காலத்தில் ஒரு மாதமாவது வேட்டைக்குக் கூட்டிப் போங்கள் டொக்டர். இல்லாவிட்டால் அதுவே வேலை தேடிக்கொள்ளும்" என்றார். நோயாளிகள் தனக்குத் தலையாட்டுவது போல டொக்டரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

மனைவி பத்மராணி நாய்க்குப் புள்ளி என்று பெயர் வைத்து, ஒரு நிபந்தனையும் வைத்தார். இந்த வீட்டில் மச்சம் புழங்காது. மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடக்கம். நாய்க்கும் அதே சட்டம். புள்ளி சோறும் பருப்பும் தின்றது, வெள்ளிக்கிழமையில் ஒரு கரண்டி நெய். மிருக வைத்தியர் சோதித்துப் பார்த்துவிட்டு, தானும் அதைச் சாப்பிடலாமா என்று கேட்டார். மகள் ரூபிகா சோதனைக்குப் படிக்கும் இரவுகளில் அவளுடைய பாதங்களின் மேல் படுத்துக்கொள்ளும். பத்மராணி தேவாரம் படிக்கும்போது பக்கத்தில் காதைத் தொங்கப்போட்டு இருக்கும், சுருதி விலகினால் மட்டும் எழும்பிப் போகும். மூன்று இலையுதிர் காலங்கள் பொறுமையாக வாசலில் காத்திருந்தது. யாரும் துவக்கைத் தூக்கவில்லை. பிறகு அதுவே வேலை தேடிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நவரத்தினம், மன்றத்தின் செயலாளர் கஜமுகனுக்குக் கொல்லாமையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். புள்ளி மேசையடிக்கு வந்து, முன்காலை மடக்கி, டொக்டரின் கழுத்தை நோக்கி மூக்கை நீட்டியது. பத்மராணி சோற்றுச் சட்டியோடு ஓர் அடி முன்னே வைத்தார். காடை கிளம்பியது.

"யன்னலாலை வந்திருக்கும்," என்றார் நவரத்தினம்.

"யன்னலாலை போனதைத்தான் நான் கண்டது," என்றார் பத்மராணி.

டல்லஸில் நடந்த ஒரு மாநாட்டு விருந்தில் டொக்டர் சாப்பிட்ட காடை அது என்பது பின்னால் தெரியவந்தது. அதைத் தொடர்ந்து கோழிகள் வந்தன. ஒவ்வொரு புதன்கிழமையும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், ரூட் வன் நெடுஞ்சாலையில், கார் யன்னல்களை இறக்கிவிட்டு உண்ட கோழிகள். ஒரு கால் மட்டும்தான் தின்றேன் என்று டொக்டர் வாதாடினார். ஆனால் வந்தவை முழுக் கோழிகள், செட்டையில் மிளகுத்தூள் மணத்தோடு. சிரித்துக்கொண்டு நின்ற கஜமுகனிடமிருந்து, சீனக் கடை பஃபேயில் தின்ற தாரா வாத்து ஒன்று அடுத்த வாரம் கிளம்பியது. மன்றம் அவசரமாகக் கூடி, இனிமேல் கூட்டங்கள் நாய் இல்லாத இடங்களில் நடைபெறும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. காரணத்தை யாரும் கேட்கவில்லை. பறவைகள் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனின் கார் தரிப்பிடத்துப் பற்றைக்குள் குடியேறின. நியூயோர்க் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் அவற்றுக்கு வழிவிட்டு ஓடப் பழகிக்கொண்டார்கள்.

இது இப்படியே போயிருக்கும், ரூபிகா மேற்குக் கரையில் சான்டா கிளாராவுக்கு வேலைக்குப் போய் நிரோஜனைச் சந்தித்திராவிட்டால். பையன் நல்லவன், கம்ப்யூட்டர்காரன், தாய்க்கு ஒரே பிள்ளை. தாய் விசாலாக்ஷி குபெர்டினோவில் ஒரு கம்பனியில் கணக்கெழுதுபவர், சைவத்தில் அந்தக் கரை முழுவதற்கும் அத்தாரிட்டி. பிளேனில் போனாலும் சொந்தச் சட்டி கொண்டுபோவார். எந்த வீட்டில் வடை கொடுத்தாலும், இந்த எண்ணெயில் முதல் என்ன பொரித்தது என்று கேட்காமல் வாயில் வைக்கமாட்டார். மகனுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களைத் தட்டிவிட்டார்: ஒன்று ஃபிரிட்ஜில் முட்டை இருந்ததால், மற்றது மாடிப்படியில் மீன் மணத்ததால். தாய் ஓம் என்றால்தான் மகனும் ஓம் என்பான். ரூபிகா தாய்க்கு போன் பண்ணி, "அம்மா, ஐ வில் மேரி ஒன்லி ஹிம்," என்று சொல்லிவிட்டு அழுதாள். மறுநாள் விசாலாக்ஷி பேசினார். "உங்கட வீட்டிலை மச்சம் புழங்கிறேல்லைதானே?" என்று கேட்டார். "என்ன கதை கதைக்கிறியள், எங்கட நாயே சைவம்," என்றார் பத்மராணி.

1998 வசந்தத்தில் பத்மராணி வேலையைத் தொடங்கினார். தினமும் காலையில் கணவரைப் பின்வளவில் ஆப்பிள் மரத்தடியில் நிறுத்தி, எதிரே நாயை விட்டு, தானே ஓர் அடி முன்வைத்து, உள்ளே இருப்பவற்றைக் கிளப்பினார். டொக்டர் பேப்பர் படித்தபடி நிற்பார். அக்கம்பக்கத்தார் இது இந்துக்களின் காலை வழிபாடு என்று நினைத்து, அந்த நேரம் சத்தமில்லாமல் புல் வெட்டினார்கள். ஒரு நாள் புள்ளி அவரை மோந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. "முடிஞ்சுது. இனி ஒரு செட்டை வெளியிலை வந்தா நான் தங்கச்சியிட்டைக் கனடாவுக்குப் போயிடுவன்," என்றார் பத்மராணி. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் நாய் கராஜில் இருக்கும் என்றும், அதனால் சம்பந்தம் கெட்டால் அடுத்த பிளேனில் அது டெக்சஸ் போகும் என்றும் சொன்னார். "ஷீ இஸ் ஒன்லி டூயிங் ஹெர் ஜாப், அம்மா," என்றாள் ரூபிகா போனில். "அவவின்ரை வேலையாலை உன்ரை கலியாணம் போகப்போகுது," என்றார் தாய்.

அவர்கள் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். விசாலாக்ஷி காஞ்சிபுரம் சேலை, நெற்றியில் திருநீற்றால் மூன்று குறி. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, நவரத்தினம் சோடாப் போத்தல் எடுக்கக் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்தாமல் வரும்வரை. புள்ளி உள்ளே வந்தது. டொக்டரைக் கடந்தது. நிரோஜனின் சப்பாத்தை மோந்து, கடந்தது. விசாலாக்ஷியின் முன்னால் முன்காலை மடக்கி நின்றது.

விஷயம் தெரிந்த மூவரும் உறைந்துபோனார்கள். யாராவது ஓர் அடி வைத்தால் கதை முடிந்தது. வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்த பத்மராணி, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். நாயும் வீட்டுக்காரியும் ஒரே மாதிரி நிற்பதைப் பார்த்த நிரோஜன், இது நியூ ஜெர்சி மரியாதையோ என்று யோசித்துத் தானும் எழுந்து நின்றான்.

"என்ன, நாய் என்னையே பாக்குது?" என்றார் விசாலாக்ஷி.

"அதுக்கு ஆசாரமான ஆக்களைக் கண்டா விளங்கும்," என்றார் பத்மராணி, ஒற்றைக் காலில்.

விசாலாக்ஷிக்கு முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் நாய்க்குக்கூட அறிவிருக்கிறது என்றார். தடவிக்கொடுக்க எழுந்து, ஓர் அடி முன்னே வைத்தார்.

சேலைக் கொய்யக மடிப்பிலிருந்து ஒரு வான்கோழி வெளியே வந்தது. நல்ல வளர்த்தியான சேவல். சோபா முதுகில் ஏறி நின்று, செட்டையை இரண்டு தரம் உதறி, சபையைப் பார்த்தது.

"அம்மா?" என்றான் நிரோஜன்.

விசாலாக்ஷி கதிரையில் இருந்துவிட்டார். கணவர் இறந்த வருஷம், ஒஃபிசில் தாங்ஸ்கிவிங் விருந்தின்போது, தனியே சோற்றுப் பெட்டியோடு இருந்தவரை மற்றவர்கள் கதிரை இழுத்துப்போட்டுக் கூப்பிட்டார்கள். மறுத்தால் மறுபடி கூப்பிடமாட்டார்கள் என்று பயந்து வான்கோழி ஒரு துண்டு தின்றிருந்தார். இதை அவர் பிறகு சொன்னார். அன்றைக்குச் சேலைக் கொய்யகத்தைக் கையால் பொத்திக்கொண்டார். ரூபிகா தாயைப் பார்த்தாள். ஒரு சொல்லால் இந்த மனுசியை வாழ்நாள் முழுக்கத் தலைகுனிய வைக்கலாம் என்பதும், அந்தச் சொல்லோடு மகளின் கலியாணமும் போகும் என்பதும் பத்மராணிக்குத் தெரியும். காலைக் கீழே வைத்தார்.

"குறை நினைக்காதேங்கோ. இது எங்கட வான்கோழிதான். பின்வளவிலை நிக்கிறது, கதவு திறந்திருந்தா உள்ளுக்கு வந்திடும்," என்று சொல்லி வடைத் தட்டை நீட்டினார்.

விசாலாக்ஷி வான்கோழியைப் பார்த்தார். "வடிவான பறவை," என்றார். எண்ணெயைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வடையை எடுத்துத் தின்றார். அந்தப் பின்னேரமே நாள் வைத்தார்கள். அன்றிரவு, வெள்ளிக்கிழமையாக இல்லாதபோதும், புள்ளிக்கு நெய் கிடைத்தது.

1999 ஆனியில் எடிசனில் ஒரு மண்டபத்தில் கலியாணம். தாலி கட்டி முடிந்து, எங்கள் வழக்கப்படி கேக்கும் வெட்டினார்கள். முட்டை இல்லாத கேக் என்று பெட்டியில் எழுதியிருந்தது. விசாலாக்ஷியே ஓடர் பண்ணியது. எல்லோரும் சாப்பிட்டார்கள். ரூபிகாவின் பிடிவாதத்தால் மாலையோடு வந்திருந்த புள்ளி, மண்டப வாசலில் நின்று, நானூறு பேரையும் சேர்த்து ஒரே பார்வையாகப் பார்த்து, முன்காலை மடக்கியது. இத்தனை வருஷத்தில் நாய் பத்மராணியை ஒருதரமும் சுட்டிக் காட்டியதில்லை. அவர் நாயைப் பார்த்தார். கையிலிருந்த கேக் துண்டைப் பார்த்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, தானாகவே ஓர் அடி முன்னே வைத்தார். அவருடைய சட்டைக் கைக்குள்ளிருந்து ஈரம் காயாத மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்று எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்துப் பலகாரப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடியைச் சற்றுத் திறந்துவிட்டார். விசாலாக்ஷி தன்னுடைய குஞ்சுக்கு ஒரு பெட்டி கேட்டார். மண்டபம் முழுக்கக் கீச்சுச் சத்தம். ஐயருடைய சால்வைக்குள்ளிருந்து வந்தது மிகச் சிறியது, அவர் ஒரு விள்ளல்தான் எடுத்தாராம். வீடியோக்காரர் அந்த இடத்துக்குப் பிறகு நாதஸ்வரம் போட்டுக்கொடுத்தார். பலகாரப் பெட்டிகள் போதாமல் போனதால், நவரத்தினம் காருக்குப் போய் இன்னும் கொஞ்சம் எடுத்துவந்தார்.