கிரிகரியின் லோரி சொன்ன பேச்சு கேட்கவில்லை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பயத்தில் பிறந்தது. போன மாதம் ஒரு செம்மண் பாதையில் என் ஜீப்பின் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் அலைந்தது. நான் வலப்பக்கம் திருப்பினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். சாலாக் செலாத்தானில் வண்டி பழுதுபார்க்கிறவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இதோடயா பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வந்தீங்க பாஸ்?" என்று கேட்டார். அதற்கப்புறம் எனக்குச் சரியான தூக்கமில்லை. அந்தப் பயத்தை நானே சுமப்பானேன் என்று 1932க்கு அனுப்பி, கிரிகரி என்ற லோரி டிரைவரின் தலையில் கட்டிவிட்டேன். பாவம், அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை.

2

முதல் தொடக்கம்: கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பொழுது புலர்ந்தது, பறவைகள்...

வேண்டாம். பறவைகளுக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவது: தைப்பூசத்துக்கு முதல் நாள், தோட்டத்து லோரியின் ஸ்டியரிங் ஆடுவதைக் கிரிகரி கவனித்தான்.

இது பரவாயில்லை. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். அது உட்காரும் குழி தேய்ந்துபோயிருந்தது. புதுச் சாமான் பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக்கு வர வாரக்கணக்காகும். ரப்பர் தோட்டத்தில் கூரை ஒழுகினாலும் ரப்பர்தான், செருப்பு அறுந்தாலும் ரப்பர்தான். கிரிகரியும் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட் ஒரு துண்டு வெட்டி வந்து குழிக்குள் திணித்தான். மேலே கிரீஸை அப்பி மூடினான். ஆட்டம் நின்றது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

(கிரீஸில் ஊறினால் ரப்பர் கொழகொழத்துப் போகும். அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொன்னால் கதை ஏது?)

3

"லோரி ஓடாது" என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். தோட்டத்துத் துரை பத்துமலை முருகன் கோயிலுக்கு லோரி கொடுப்பதே வருஷத்துக்கு ஒரு நாள். கிரிகரி வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். தைப்பூசத்தன்று பார்த்து வேதக்காரனின் வண்டி ஓடாது என்றால், தொழிலாளர் லயத்தில் என்ன பேசுவார்கள்? அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் காலையில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பின்னால் பால்குடங்கள், பிள்ளைகள், வேல் வேல் என்ற சத்தம். முன்னால் அவன் பக்கத்தில், தோட்டத்தில் பால் வெட்டும் வீரம்மா. காய்ச்சலில் பிழைத்த மகளை மடியில் வைத்திருந்தாள். வேண்டுதலே அந்தப் பிள்ளைக்காகத்தான்.

பத்து தீகாவைத் தாண்டியதும் ஸ்டியரிங் மறுபடியும்...

இல்லை, முன்னைவிட மோசமாக. அரைச் சுற்றுத் திருப்பியும் சக்கரம் அசையவில்லை. பிறகு திடீரென்று வெட்டித் திரும்பியது. சாலையோரம் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்த ஆழமான குட்டை. மாதாவே, மாதாவே என்று கிரிகரி உள்ளுக்குள் அலறினான். வண்டி குலுங்கியதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு பின்னால் இருந்தவர்கள் சிரித்து அரோகரா போட்டார்கள். அந்தச் சிரிப்பை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எப்படியோ நிறுத்தினான். அடியில் புகுந்து மூடியைக் கழற்றினான். ரப்பர் களி மாதிரி விரலோடு வந்தது.

4

"என்னண்ணே ஆச்சு?" வீரம்மா இறங்கி வந்து குனிந்தாள்.

"ஸ்டியரிங் ஆடுது தங்கச்சி."

"நேத்தே ஆடுச்சா?"

"ஆடுச்சு. அடைச்சு வச்சேன். நிக்கல."

"தெரிஞ்சேவா எங்கள ஏத்துனீங்க?"

"ஓடாதுன்னு சொல்லியிருந்தா என்ன பேசியிருப்பீங்க? வேதக்காரன் வேணும்னே தடுத்துட்டான்னுதானே?"

(இங்கே வீரம்மா "ஐயோ, அப்படிச் சொல்வோமா அண்ணே" என்று கண்கலங்குவதாக முதலில் எழுதியிருந்தேன். சுத்தப் பொய். அடித்துவிட்டேன்.)

"பேசியிருப்போம்," என்றாள் வீரம்மா. "நானே மொதல்ல பேசியிருப்பேன். அதுக்காக எம்புள்ளய குட்டையில தள்ளுவீங்களா?"

5

முடிவு ஒன்று: மெதுவாக ஓட்டிப் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தார்கள். (ஆசைக்கு எழுதியது. வழியெல்லாம் குட்டைகள்.)

முடிவு இரண்டு: அடுத்த வளைவில் லோரி... (மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.)

முடிவு மூன்று: எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பத்துமலை நடந்து போகிற தூரமில்லை. வீரம்மாவின் வேண்டுதல் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. லயத்தில் கிரிகரியிடம் யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. (நடக்கக்கூடியது இதுதான். ஆனால் இது நடக்க அவன் வாயைத் திறக்கவேண்டும்.)

"கிரிகரி அண்ணே, நேரமாவுது, எடுங்க லா!" பின்னால் பலகையைத் தட்டுகிறார்கள். யாரோ பாட ஆரம்பித்துவிட்டார்கள். வீரம்மா மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏறவும் இல்லை, நகரவும் இல்லை.

"நான் சொல்லமாட்டேண்ணே. நீங்கதான் சொல்லணும்."

கிரிகரி கையைத் துடைத்துக்கொண்டு லோரியின் பின்பக்கம் வந்து நின்றான். பின்பலகை ஓரத்தில் இருந்த சிலர் திரும்பினார்கள். அவன் வாயைத் திறந்தான்.

இதற்குமேல் அவனுக்கு என் குரலைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. நான் பேசினால் வண்டி கிளம்பிவிடும், அன்று என் ஜீப்பை நான் நிறுத்தாமல் ஓட்டியதுபோல. அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், எல்லோரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.