மேனேஜர் வழியாக

எதிர்வீட்டு லிஃப்ட்காரர் அன்று காலையும் மூன்றாவது மாடியிலிருந்து நாயைச் சுமந்துகொண்டு இறங்கினார். நாயின் வயிற்றுக்கும் மார்புக்கும் அடியில் துணிப்பட்டை ஒன்று கொடுத்து, அதன் முன்பிடியை அவர் பிடித்திருந்தார், பின்பிடியை அவர் மனைவி.

"மெதுவாப் போகச் சொல்லுடா, எனக்குப் படி தெரியல" என்றாள் அவள்.

"பட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுடா, இடுப்பு உடையுது" என்றார் இவர்.

நடுவில் தொங்கிய நாய் ஒருமுறை அவர் முகத்தையும் ஒருமுறை அவள் முகத்தையும் பார்த்தது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் குடியிருந்துகொண்டு கன்றுக்குட்டி கனத்தில் ஒரு நாயைப் படி படியாக இறக்குகிறார். கடவுளுக்கும் பொழுது போகவேண்டும் அல்லவா.

அந்த "சொல்லுடா" யாருக்கு என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் குழம்புவார்கள். நாய்க்குத்தான். கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசிப் பல வருஷம் ஆகிறது. ஏன் பேச்சு நின்றது என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் தம்பி கல்யாணத்தில் அவளை யாரோ ஏதோ சொல்ல, இவர் வாயைத் திறக்காமல் நின்றார் என்று கீழ்வீட்டில் ஒரு கதை. ரயில் நிலையத்தில் அவளை மறந்துவிட்டு வண்டி ஏறிவிட்டார் என்று மொட்டைமாடியில் ஒரு கதை. என்னைக் கேட்டால், காரணம் இந்நேரம் அவர்களுக்கே மறந்திருக்கும், வீம்பு மட்டும்தான் மிச்சம். குட்டியாக இந்த நாய் வந்து சேர்ந்த பிறகு பேச்சுக்கு ஒரு வழி பிறந்தது. "சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சொல்லுடா" என்பார் அவர். "உப்பு டப்பா எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும், சொல்லுடா" என்பாள் அவள். நாய் யார் பக்கமும் சாயாமல் வாலை ஆட்டும். தினமும் காலையில் கீழே நிற்கிற வண்டிகளின் டயரை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, காலைத் தூக்கிக் கையெழுத்துப் போடுகிற வழக்கமும் அதற்கு உண்டு. அதனால் கட்டடத்தில் எல்லாருக்கும் அது மேனேஜர்.

அந்த மேனேஜர் போன வெயில் காலத்தில் இடது முன்னங்காலை ஊன்றாமல் நடக்க ஆரம்பித்தது. சுளுக்கு என்றார் அவர். முள் என்றாள் அவள். சுளுக்கு என்று இவர் தைலம் தேய்ப்பார், முள் என்று அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தைலத்தைக் கழுவிவிடுவாள். மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் மிருக டாக்டரம்மாவிடம் போனார்கள். எலும்பில் புற்றுநோய் என்றாள் அந்த அம்மா. காலை எடுத்தால் வலி போகும், ஆனால் நோய் போகும் என்று சொல்லமுடியாது என்றும் சொன்னாளாம். இதை எனக்கு அவள் தனியாக ஒருமுறை சொன்னாள், அவர் தனியாக ஒருமுறை சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுபோல இருந்தது. ஒரே விஷயத்தை இருவரும் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காலை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்கப் போனேன். வம்புக்கு இல்லை, விசாரிக்க. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மேனேஜர் கூடத்தின் நடுவில் தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு கிடந்தது. மழித்த தோள்பட்டையில் தையல் ஒரு பை வாயை மூடினதுபோல் இருந்தது. டைல்ஸ் தரையில் கால் வழுக்கும் என்று, லிஃப்டுக்குள் விரிக்கிற கறுப்பு ரப்பரை அவர் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து படுக்கையறை முதல் பால்கனி வரை ஒட்டியிருந்தார். வீடே ஒரு ஓடுபாதை மாதிரி இருந்தது. அவள் துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிற வேலையில் இருப்பவள். அவருடைய பேண்ட் ஒன்றை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு பிடி போட்டுத் தூக்குப்பட்டை தைத்திருந்தாள்.

"நல்ல பேண்ட்தான் கிடைச்சுதான்னு கேளுடா" என்றார் அவர்.

"தொப்பை வந்த பிறகு அது எங்க ஏறுதுன்னு கேளுடா" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கும் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. பழக்கதோஷத்தில் நான் மேனேஜரிடம் "கை குடு" என்று சொல்லித் தொலைத்தேன். அது எப்போதும் கொடுப்பது இடது கையைத்தான். இல்லாத கையைக் கொடுக்க, அந்தத் தையல் போட்ட தோள் மட்டும் ஒரு துடி துடித்தது. மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அலுப்புதான், வேறென்ன. வெளியே போகத் தூக்கவேண்டும், உள்ளே வரத் தூக்கவேண்டும். மழையில் துவட்டவேண்டும். படுத்த பக்கமே படுத்தால் புண் வரும் என்று புரட்டவேண்டும். சோற்றைப் பிசைந்து கையால் ஊட்டவேண்டும், துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டவேண்டும். அவள் கடையில் தையல் மெஷின் மேலேயே தலையை வைத்துத் தூங்கி, ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டையில் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள். அவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்தபடி தூங்கி, கீழே ஜனங்கள் கூடிக் கத்தின பிறகு எழுந்தாராம். தனித்தனி அறையில் படுத்துக்கொண்டிருந்தவர்கள், நாய்க்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று கூடத்திலேயே பாய் விரித்துக்கொண்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதவைத் திறந்து போட்டால் கண் போகத்தானே செய்யும்.

இந்த அலுப்பில்தான் மாத்திரை விவகாரம் நடந்தது. வலி மாத்திரையைக் காலையில் ஒன்று கொடுக்கவேண்டும். அவர் கொடுத்துவிட்டு, "மாத்திரை போட்டாச்சுன்னு சொல்லுடா" என்று வழக்கம்போல் நாயிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். நாய் என்ன, போய் அவளிடம் சொல்லவா போகிறது? அவள் வந்து இன்னொன்று கொடுத்தாள். இப்படி ஒரு நாள் இல்லை, பல நாள். மேனேஜர் வாந்தியெடுத்து, கண் செருகிக் கிடந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டிக் கதவைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?"

அவர் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். அவள் நாயின் காதை நீவினாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது எனக்கு எத்தனை கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்போதும் பேசினார்களா என்றால், இல்லை. மறுநாள் அவள் மாத்திரை கொடுத்துவிட்டு நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிட்டாள். அவர் புரிந்துகொண்டார். அதற்கு மேல் மாத்திரை தப்பவில்லை. மேனேஜர் காதோரம் கிளிப்போடு மூன்று காலில் தத்தித் தத்தி, கீழே டயர் பார்க்கவும் ஆரம்பித்தது. ஒரு காலை எடுத்தாலும் வேலையை விடவில்லை பாருங்கள் என்று கட்டடமே மெச்சிக்கொண்டது. அந்தச் சில வாரங்கள் எல்லாருக்கும் நல்ல வாரங்கள்.

பிறகு இருமல் வந்தது. முதலில் தொண்டையில் ஏதோ சிக்கினதுபோல. பிறகு சுவர் தாண்டி என் சமையலறை வரைக்கும். படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். அன்றும் நான் போயிருந்தேன், கதவு பிடிக்க.

"இனிமே மூச்சு நாளுக்கு நாள் கஷ்டமாகும்" என்றாள் டாக்டரம்மா. "வீட்லயே வெச்சுப் பாக்கலாம். ஆனா கடைசில மூச்சுக்குத் திணறுவான், அதைப் பாக்க உங்களால முடியணும். இல்லைன்னா ஒரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம், வலி இருக்காது. நான் முடிவு பண்ண முடியாது. ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க. ரொம்பத் தள்ளாதீங்க."

பேசிச் சொல்லுங்கள் என்று எத்தனை லேசாகச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் "சொல்லுடா" நின்றுபோயிற்று. உப்பு இல்லை என்பதுகூட இல்லை. என் சமையலறை ஜன்னலில் நின்று நான் எவ்வளவு நேரம் காதைக் கொடுத்தாலும் இருமலும் பாத்திரச் சத்தமும்தான். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எப்படி மேனேஜர் வழியாகப் பேசுவது? கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிற ஜீவனிடம், உன்னைக் கொன்றுவிடலாமா என்று அவரைக் கேளுடா என்று எந்த வாயால் சொல்வது? அவர் நினைப்பது அவளுக்குத் தெரியாது. அவள் நினைப்பது அவருக்குத் தெரியாது. நாய்க்கு மூச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

பொறுக்கமுடியாமல் படிக்கட்டில் அவரை மடக்கினேன். "தம்பி, நான் வேணா அவகிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?"

பாதியில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. "வேணாங்க்கா. நாய்கிட்டயே சொல்ல முடியாததை உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

நாய்க்கும் கீழே போட்டுவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் வந்து சொன்னால், "சரியாத்தான சொல்லியிருக்கான்" என்று என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

அடுத்த நாள் பொழுது சாயும் நேரம் எதிர்வீட்டு மணி அடித்தது. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். மணியை அடித்தவர் அவர். தன் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டு மணியை அடித்துவிட்டு, விருந்தாளி மாதிரி மிதியடிக்கு வெளியே நிற்கிறார். நான் என் கதவை ஒரு விரல் அகலம் திறந்துவைத்தேன்.

அவள் திறந்தாள். கையில் சோறு பிசைந்த ஈரம். அவள் காலுக்குப் பின்னால் மேனேஜர் எழுந்திருக்கப் பார்த்தது, முடியாமல் உட்கார்ந்தது. அவர் உள்ளே போகவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டி வெளியே வரும்படி கூப்பிட்டார். அவள் நாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

நாய் இல்லாமல் அவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்று நான் பார்த்ததே இல்லை. நிற்கத் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். அவர் கரண்ட் மீட்டரைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்த பிறகும் துடைத்தாள்.

"என்ன?" என்றாள் கடைசியில்.

அவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "காலைல தூக்கும்போது... அவன் நெஞ்சு என் கையில இடிக்குது. ஓடி வந்த மாதிரி."

"தெரியும். பின்னால நான்தான பிடிக்கிறேன்."

"நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா, நாளைக்கு நீ என்மேல பழி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நான் சொன்னா மட்டும் நீங்க விட்டுடுவீங்களா?"

இந்த இடத்தில்தானா என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டவேண்டும்? கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினேன். மனுஷன் திரும்பவில்லை. நானே ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வருவதற்குள் அவர்கள் மேல்மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் உதடு அசைந்தது, அவர் தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஏதோ சொன்னார். ஊஹூம், ஒரு வார்த்தை எனக்கு எட்டவில்லை. அத்தனை மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று.

சாத்திய கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் ஒரு கறுத்த ஈர மூக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அது இழுத்த மூச்சுக்கு வாசலில் கிடந்த பழைய பஸ் டிக்கெட் ஒன்று நகர்ந்து இடுக்கு வரை போயிற்று, விட்ட மூச்சுக்குத் திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, டிக்கெட் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.