கேப்டன் கயிற்றில் தொங்கிய ஞாயிறு

“கேப்டன் சொன்னா சொன்னதுதான்! அதுக்கு மேல பேச்சே இல்ல!”

“அப்ப மத்தவங்க எதுக்குடா வரணும்? நீயே ஒரு கண்ணாடிய முன்னால வெச்சுக்கிட்டு விளையாட வேண்டியதுதானே?”

“தொடர்ல அப்புடித்தான்டி இருக்கு! தொண்ணூத்தாறு எபிசோட்ல ஒருத்தராவது கேப்டன் ஆதிரன எதுத்துப் பேசினாங்களா?”

“அது டீவி. இது மேசை!”

நிரஞ்சன் மேசையில் ஓங்கி அடித்தான். மூன்று லூடோ பகடைக் கட்டைகளும் துள்ளி, பிரஷர் குக்கர் பெட்டிகளுக்கு இடையில் போய் ஒளிந்துகொண்டன. கீழே பாத்திரக் கடையிலிருந்து மஃறூப் நானாவின் குரல் படியேறி வந்தது.

“மேல உடையிறது உங்கட கப்பலா, என்ட மேசையா? கப்பல்னா பரவாயில்ல!”

கிருஷாந்தி குனிந்து கட்டைகளைத் தேடினாள். அவளுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

ஹட்டன் டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும், அவளுடைய அத்தை மகன் நிரஞ்சனுக்கும், விண்வெளியில் ஓடுகிற ஒரு கப்பலுக்காகச் சண்டை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ‘நெடுவான்’ தொடர் பார்த்தவர்கள் நம்புவார்கள். எந்த நாட்டுக்காரன் எடுத்தானோ, தமிழ் பேசவைத்து அனுப்பியிருந்தான். கேப்டனுக்கும் வில்லனுக்கும் ஒரே ஆள்தான் குரல். அதனால் இரண்டு பேரும் சண்டை போட்டால் ஒரே ஆள் தன்னைத்தானே திட்டிக்கொள்வது போல் இருக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஞாயிறு பத்து மணியானால் தோட்டத்து லய வீடுகளில் துணி துவைக்கிற சத்தம்கூட நின்றுவிடும். தொடர் ஓடிய அந்த இரண்டு வருஷத்தில் மேற்பிரிவில் மட்டும் மூன்று பிள்ளைகளுக்கு ஆதிரன் என்று பேர் வைத்தார்கள். அதில் ஒன்றுக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது.

கிருஷாந்தி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது இருபத்தாறு. இரண்டு வருஷமாக அந்தத் தொடரை மேசை விளையாட்டாக எழுதிக்கொண்டிருந்தாள். நாலைந்து பேர் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் கப்பலில் ஆளுக்கொரு ஆளாகி, “நான் இதைச் செய்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைக் கட்டை சொல்லும். இதற்கு நாற்பது பக்க விதிப் புத்தகம். கடை முதலாளியின் மெசினில் எத்தனை கொப்பி போட்டாள் என்பது அவளுக்கும் மெசினுக்கும்தான் தெரியும்.

கொழும்பில் ஒரு பதிப்பகம், தொடர் எடுத்தவர்களிடம் முறையாக அனுமதி வாங்கி, தமிழில் விளையாட்டு எழுத ஆள் தேடியது. கிருஷாந்தி அனுப்பினாள். பதிலும் வந்தது. மூன்று பேருடையது பிடித்திருக்கிறதாம்; ஒன்றைத்தான் எடுப்பார்களாம்; விளையாடுவதை நேரில் பார்க்க ஒருவர் வருவாராம். மேசையில் மூன்று பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் இந்த மாதிரி விளையாட்டுக்குப் புதியவராக இருக்க வேண்டும். கடிதத்தை அவள் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒரு தரமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரமுமாகப் படித்துப் படித்து மடிப்பே கிழிந்துபோனது.

புதிய ஆளாகப் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவைப் பிடித்தாள். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். தொண்ணூற்றாறு எபிசோடும் பார்த்தவள். மூன்றாவது ஆள் மஃறூப் நானாவின் மகன் அஃப்ஹம். மேசையும் அறையும் அவன் வாப்பாவுடையது, சேர்க்காமல் முடியுமா?

சண்டை வந்த அன்றைக்குக் காலையில்தான் ஒத்திகை நடந்தது. நடந்தது என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்.

“கப்பல் ஆடுது. காத்து குறையுது. அக்கா, நீங்க என்ன செய்றீங்க?” என்றாள் கிருஷாந்தி.

“சொல்லு புள்ள, செய்றேன்.”

“நீங்கதான்கா சொல்லணும்.”

“நான் எப்புடிச் சொல்றது? பெரட்டுல கேப்டன் சொல்லட்டும்.”

நிரஞ்சன் சொன்னான். அக்காவுக்கும் சொன்னான், அஃப்ஹமுக்கும் சொன்னான், அவர்கள் கட்டையை எந்தக் கையால் உருட்ட வேண்டும் என்றும் சொன்னான். கேப்டனுக்குக் காயாக வைத்திருந்த குக்கர் விசிலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தொடரில் வந்த வசனங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். மற்ற இருவரும் கோயில் கூத்துப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிருஷாந்தி விதிப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தைப் புரட்டினாள். அவளே எழுதியதுதான்: “ஒவ்வொரு சுற்றும் பெரட்டுடன் தொடங்கும். எல்லோரும் வரிசையில் நிற்க, கேப்டன் பேர் வாசித்து வேலை பிரிப்பார்.” பிறந்ததிலிருந்து தோட்டத்தில் விடிந்தால் பெரட்டுதான் பார்த்தாள், அம்மா அங்கே நின்றாள், அம்மம்மா நின்றாள். எந்த மலைக்கு என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கூடையை எடுப்பார்கள். கப்பல் என்று எழுத உட்கார்ந்ததும் கை தானாக அதையே எழுதியிருக்கிறது. பூமியை விட்டு எத்தனையோ கோடி மைல் தள்ளிக் கொண்டுபோய் ஒரு தோட்டத்தைப் போட்டு, அதற்குத் தொரையையும் வைத்துவிட்டாள்.

அதை மாற்றலாம் என்றாள். அதுதான் சண்டை.

“மாத்தினா நான் வரமாட்டேன்,” என்றான் நிரஞ்சன். “வேற ஆளத் தேடிக்க.”

கொழும்பிலிருந்து ஆள் வர இருந்த எட்டு நாளில் எங்கே தேடுவது? தோற்றுப்போனாள்; விதியை மாற்றவில்லை. இரண்டு பேரும் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள், இப்போதே சண்டை பிடித்துப் பழகுகிறார்கள் என்று லயத்தில் பேசிச் சிரித்தார்கள்.

ஞாயிறு வந்தது. கொழும்பு ரயிலும் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவோ, கோட்டுப் போட்ட ஒரு ஐயாவோ வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வந்தது இஷ்ரா என்றொரு பெண். சேற்றுக்குத் தோதில்லாத வெள்ளைச் சப்பாத்து, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அஃப்ஹம் கீழே போய்த் தலைசீவிக்கொண்டு வந்தான். அதை மஃறூப் நானா கவனித்தார்; கவனிக்காததுபோல் ஒரு தாச்சிச் சட்டியைத் துடைத்தார்.

இஷ்ரா ஒரு குக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, “நான் இல்லன்னு நெனச்சுக்கோங்க,” என்றாள். அது எப்படி முடியும்?

கிருஷாந்தி கதையைத் தொடங்கினாள். கப்பல் ஒரு நீலக் கோளை நெருங்குகிறது. வெளியே பனிக்கல் மழை. மேல்தகடு கிழிந்து காற்று ஒழுகுகிறது. நிரஞ்சன் பெரட்டு எடுத்தான். பேர் வாசித்தான். இஷ்ரா எதையோ எழுதினாள். அவள் எழுத எழுதக் கிருஷாந்தி அந்த நோட்டையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

“சண்முகவடிவு! வெளிய போயி தகட்ட ஒட்டு!” என்றான் கேப்டன்.

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“கயிறு?”

“கயிறு கெடையாது. நேரமில்ல. தொடர்ல—”

“தொடர்ல போனவன் செத்துட்டான் தம்பி. நானும் பாத்தேன்.” சண்முகவடிவு தன் காயை, அது ஒரு சட்டைப் பொத்தான், மேசை நடுவிலிருந்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “வழுக்குற மலையில, இந்த மழையில, ஒத்தப் பொம்பளைய அனுப்ப எந்தத் தொரைக்கும் உரிமை இல்ல. நான் இறங்க மாட்டேன்.”

“கப்பல்கா இது!”

“எதுவா இருந்தா என்ன? நான் எறங்கல.”

அஃப்ஹம் அக்காவைப் பார்த்தான், இஷ்ராவைப் பார்த்தான், நெஞ்சை நிமிர்த்தினான். “என்ஜின் ரூமும் வேல செய்யாது!”

“டேய்!” நிரஞ்சன் கிருஷாந்தி பக்கம் திரும்பினான். “நீ சொல்லுடி! விதில என்ன போட்டிருக்கு?”

விதியில் கேப்டன் பக்கம்தான் நியாயம். புத்தகம் திறந்தபடி கிடந்தது. இஷ்ராவின் பேனா நின்றுவிட்டது. கிருஷாந்தி புத்தகத்தை மூடி, அதன்மேல் தன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள்.

“அக்கா, எல்லாரும் வேலைய நிறுத்திட்டீங்க. காத்து போய்க்கிட்டே இருக்கு. இப்ப நீங்க என்ன செய்றீங்க?”

சண்முகவடிவு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “நான் கேப்டன் ரூமுக்குப் போறேன். கதவத் தட்டல, தள்ளிக்கிட்டுப் போறேன். கயிறு வேணும்ங்கிறேன். கயித்தப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும்ங்கிறேன். வெளிய கேப்டனே போகட்டும், நாங்க பிடிக்கிறோம்ங்கிறேன்!”

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தனக்கு அவ்வளவு உயரத்தில் பழக்கமில்லை என்றான் நிரஞ்சன். “எங்களுக்கு மட்டும் பழக்கமா?” என்றாள் சண்முகவடிவு. குக்கர் விசில் கப்பலுக்கு வெளியே போனது. கிருஷாந்தி எழுந்து நின்றுகொண்டே கதை சொன்னாள். கைகள் தானாக ஆடின. பனிக்கல் விழுகிறது! தகடு ஒட்டிவிட்டது! திரும்பும்போது கால் சறுக்குகிறது!

“இழுங்கக்கா!” என்று நிரஞ்சன் கத்திய கத்தலில் கீழே பேசின் பாத்திரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஆட்கள் படிக்கு வந்துவிட்டார்கள். மஃறூப் நானா எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

“மூணு கட்டை. மொத்தம் பன்னெண்டு வேணும்,” என்றாள் கிருஷாந்தி.

அஃப்ஹம் உருட்டினான். இரண்டு. அவன் முகம் சுருங்கியது. சண்முகவடிவு உருட்டினாள். ஐந்து.

“இன்னும் அஞ்சு! மூணாவது யாரு?”

நிரஞ்சன் தொங்கிக்கொண்டிருக்கிறான், அவன் உருட்ட முடியாது. சண்முகவடிவு கட்டையை எடுத்து வெள்ளைச் சப்பாத்துக்காரியிடம் நீட்டினாள். “மிஸ், சும்மாதானே குந்திக்கிட்டு இருக்கீங்க? பிடிங்க கயித்த!”

இஷ்ரா நோட்டைப் போட்டுவிட்டுக் கட்டையை வாங்கினாள். உருட்டினாள். அது மேசை விளிம்புவரை போய், சற்றுத் தள்ளாடி நின்றது.

“ஆறு!” என்று முதலில் கத்தியது மஃறூப் நானா. படியில் நின்றவர்களுக்கு என்ன கப்பல், என்ன கேப்டன் என்று ஒன்றும் தெரியாது, அவர்களும் கத்தினார்கள். நிரஞ்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பனி என்றான். அறைக்குள் எங்கே பனி?

பகல் பதினொன்றுக்குத் தொடங்கியது நாலு மணிக்கு முடிந்தது. ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் படியில் நின்று இஷ்ரா சொன்னாள்: “மத்த ரெண்டு மேசையிலயும் பக்கம் பக்கமா நோட் எடுத்தேன். இங்க எடுக்க மறந்துட்டேன். பெரட்ட நீக்கிடாதீங்க. ஆனா ஆளுங்க மாட்டேன்னு சொல்லலாம்னும் போடுங்க. அத எழுதி அனுப்பினீங்கன்னா, இது உங்க பேர்லதான் வரும்.”

கிருஷாந்தி அன்றே எழுதத் தொடங்கினாள். எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தது யார் என்கிறீர்கள்? நிரஞ்சன்தான்.

அடுத்த வருஷம் விளையாட்டுப் பெட்டி வந்தது. மூடியில் கிருஷாந்தியின் பேர். அதற்குள் இஷ்ரா ஹட்டனுக்கு ஆறு தரம் வந்துவிட்டாள். விளையாட்டைத் திருத்தத்தான் என்றார்கள். ஆறு தரம் திருத்த அதில் என்ன பிழை இருந்ததோ! அஃப்ஹமுக்கும் அவளுக்கும் நிக்காஹ் ஆனது, அவன் கொழும்புப் பக்கம் தெஹிவளையில் கடை போட்டான். தானே பார்த்துச் செய்துவைத்த சம்பந்தம் என்கிறார் மஃறூப் நானா. மாமன் மகளைக் கட்டுவான் என்று லயமே எதிர்பார்த்த நிரஞ்சன், மஸ்கெலியாவில் பிரியந்தியைக் கட்டினான். அவள் ‘நெடுவான்’ ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லையாம். கிருஷாந்தி பதிப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்தாள். கல்யாணம் எப்போது என்று கேட்டால், இரண்டாவது பெட்டி முடியட்டும் என்கிறாளாம். போன மாதம் அம்மாவும் மூட்டை கட்டிக்கொண்டு மகளிடம் போய்விட்டாள். வீட்டுக்கு இப்போது பூட்டு; சாவி சண்முகவடிவிடம்.